கிளினிக் கொப்பி உங்கள் கையில் இருக்கட்டும்

கேள்வி சுருக்கமாக இதுதான். ஹட்டனில் முன்பள்ளி ஆசிரியையாக இருக்கும் 41 வயதுச் சகோதரி ஒருவர் எழுதியிருக்கிறார். பொகவந்தலாவைப் பக்கம் ஒரே லயத்தில் (தோட்டத்து வரிசை வீடுகளில்) பிறந்து, ஒரே பிள்ளைக்காம்பராவில் (தோட்டத்துப் பிள்ளைக் காப்பகத்தில்) வளர்ந்த அவருடைய கூட்டாளிக்கு இடது மார்பில் புற்றுநோய் என்று கண்டியில் சொல்லிவிட்டார்கள். கூட்டாளி தோட்டத்தில் கொழுந்து எடுப்பவர். கணவருக்குக் கொழும்பில் கடை வேலை. பிள்ளைகள் இரண்டு பேர். முதலில் ஒபரேஷன், பிறகு கீமோ என்று முடிவாகியிருக்கிறது. "என்னிடம் மட்டும்தான் சொன்னாள். அவள் முகத்தைப் பார்த்தாலே அழுகை வருகிறது. என்ன பேசுவது, என்ன செய்வது என்று தெரியவில்லை."

தங்கச்சி, நானும் லயத்தில் பிறந்தவள்தான், தலவாக்கலைப் பக்கம். 27 வருடம் தாதியாக வேலை செய்து ஓய்வு பெற்றேன். அதில் பாதிக்கு மேல் புற்றுநோய் வார்டில். உங்களைப் போலவே சின்ன வயதுக் கூட்டாளி ஒருத்திக்கு இதே நோய் வந்தபோது கூடவே நடந்திருக்கிறேன். வார்டில் கற்றதையும் அவளிடம் கற்றதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

அழுகையைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். அவள் முன்னால் ஒரு தரம் அழுதால் தப்பில்லை. நாற்பது வருடம் கூட இருந்தவளுக்குக் கண்ணீர் வராவிட்டால்தான் அவளுக்கு என்னவோ போல இருக்கும். ஆனால் போகும்போதெல்லாம் அழுதால், அவள் உங்களைத் தேற்றத் தொடங்கிவிடுவாள். பிறகு தன்னுடைய பயத்தை உங்களிடம் சொல்லமாட்டாள். "உனக்கு ஒன்றும் ஆகாது" என்ற பேச்சையும் விட்டுவிடுங்கள். அன்பாகத்தான் சொல்கிறோம், ஆனாலும் அவள் சொல்ல வந்தது அதோடு தொண்டையிலேயே நின்றுவிடும். "பயமா இருக்கா?" என்று கேட்டுவிட்டுப் பேசாமல் பக்கத்தில் இருங்கள். அவளாகவே பேசுவாள்.

எங்கள் பக்கத்தில் யாருக்காவது பெரிய நோய் என்றால் முதல் வாரம் இஸ்தோப்பு நிறைய ஆள் இருக்கும். பிஸ்கட், ஆப்பிள், நெஸ்டமோல்ட் எல்லாம் வந்து குவியும். தைரியம் சொல்லாத வாய் இருக்காது. இரண்டாவது மாதம் அந்த வாசலில் யாரும் இல்லை. இந்த வைத்தியமோ ஆறு மாதம், எட்டு மாதம், சிலருக்கு ஒரு வருடத்துக்கு மேல் போகும். மலையகத்துப் பெண்கள் விஷயத்தில் நான் வார்டில் கண்ட பெரிய ஆபத்து இடையில் நின்றுபோவதுதான். அன்றைய பேர் (ஒரு நாள் சம்பளக் கணக்கு) விழாது என்ற கவலை, பஸ் காசு, பாஷை புரியாமை, வீட்டுக்காரரின் முகம், பிள்ளையின் பரீட்சை, மண்சரிவில் அடைபட்ட பாதை, இதில் ஏதாவது ஒன்று வந்து ஒரு கிளினிக் நாளைத் தவற வைக்கும். ஒன்று தவறினால் அடுத்ததற்குப் போக வெட்கம். அப்படியே விட்டுவிடுவார்கள். உங்கள் கூட்டாளிக்கு அப்படி நடக்காமல் பார்த்துக்கொள்கிற ஆள் ஒருவர் வேண்டும். அது நீங்களாக இருந்தால் மற்ற எதையும் நீங்கள் செய்யாவிட்டாலும் பரவாயில்லை.

என் கூட்டாளிக்கு நடந்ததைச் சொல்கிறேன். அப்போது எனக்கு வேறு ஊரில் வேலை. முதல் இரண்டு கீமோவுக்கும் அவள் தனியாகவே போய் வந்தாள். மூன்றாவதற்குப் போன அன்று, "லே ரிப்போட் எக்க கோ?", அதாவது இரத்த ரிப்போட் எங்கே என்று கேட்டிருக்கிறார்கள். ஒவ்வொரு கீமோவுக்கும் முன்னால் இரத்தம் சோதித்து, வெள்ளை அணுக்கள் போதுமான அளவு ஏறியிருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் மருந்து ஏற்றுவார்கள். இந்தத் தடவை இரண்டு நாள் முன்னதாகவே சோதித்து ரிப்போட்டைக் கையோடு கொண்டுவரச் சொல்லியிருக்கிறார்கள், சிங்களத்தில், அவசர அவசரமாக. அவளும் தலையை ஆட்டிவிட்டு வந்திருக்கிறாள். புரியவில்லை என்று சொல்ல வெட்கம். ரிப்போட் இல்லாததால் வேறொரு நாள் வரச் சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார்கள். விடியற்காலை பஸ், அன்றைய பேர், பக்கத்து வீட்டில் வாங்கிய கடன் எல்லாம் வீண். "என்னை வேண்டாம்னு சொல்லிட்டாங்க" என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தவள், ஆறு கிழமை போகவே இல்லை. எனக்குத் தெரிந்தது அதற்குப் பிறகுதான். லீவு போட்டு அவளைக் கூட்டிக்கொண்டு போனேன். கடைசி ஊசி வரைக்கும் ஒரு தரம்கூடத் தனியாக விடவில்லை. இன்று பேரப்பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கோவிலுக்கு வருகிறாள். ஆனாலும் அந்த ஆறு கிழமையை நினைத்தால் இன்னும் என் வயிறு கலங்கும்.

அதனால் ஒரு கொப்பி வாங்குங்கள், 80 பக்கக் கொப்பி போதும். கிளினிக்கில் கொடுத்த கொப்பி வேறு, இது உங்களுடையது. முதல் பக்கத்தில் அவளுடைய பெயர், அடையாள அட்டை இலக்கம், கிளினிக் இலக்கம், வார்டு இலக்கம், அவளுக்கு ஒத்துக்கொள்ளாத மருந்துகள், சீனி, பிரஷர் இருந்தால் அதற்குக் குடிக்கும் குளிசைகள். அடுத்த பக்கத்திலிருந்து ஒவ்வொரு நாளும் என்ன நடந்தது, அடுத்த திகதி எது, அன்று என்ன கொண்டுபோக வேண்டும். டாக்டரிடம் கேட்க வேண்டியதை முந்தின இரவே இரண்டு பேரும் உட்கார்ந்து எழுதுங்கள். உள்ளே கிடைப்பது ஐந்து நிமிடம். அந்த ஐந்து நிமிடத்தில் நோயாளிக்குக் காது அடைத்துவிடும், பாதிதான் கேட்கும். கூடப் போகிறவரின் காது அதற்குத்தான்.

சிங்களம் உங்களுக்கு நன்றாக வரும் என்றால் நீங்களே கேட்டுச் சொல்லுங்கள். ஆனால் டாக்டர் சொன்னதைக் கூட்டாமல், குறைக்காமல் சொல்ல வேண்டும். "பிளிகா" (சிங்களத்தில் புற்றுநோய்) என்ற சொல்லைக் கேட்டுவிட்டு வெளியே வந்து "சும்மா கட்டிதானாம்" என்று சொன்ன உறவினர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அந்தப் பெண்கள் எதற்காக மார்பை எடுக்கிறார்கள் என்று தெரியாமலே ஒபரேஷன் மேசையில் படுத்தார்கள். சிங்களம் வராது என்றால் வெட்கப்படாமல் தாதி மிஸ்ஸியிடம் சொல்லுங்கள், தமிழ் தெரிந்த ஒருவரைக் கூப்பிடுவார்கள். தமிழும் இந்த நாட்டின் அரச கரும மொழி. புரிகிற மொழியில் கேட்பது அவளுடைய உரிமை.

இப்போது அவளுடைய நோய் பற்றிய விபரங்களை அந்தக் கொப்பியில் சேர்க்க வேண்டும். கட்டியிலிருந்து ஊசியால் சதை எடுத்துச் சோதித்திருப்பார்கள், ஒபரேஷனில் எடுப்பதையும் சோதிப்பார்கள். அந்த ரிப்போட்டில் கிரேட் என்று ஒன்று இருக்கும், டாக்டர் ஸ்டேஜ் என்று இன்னொன்றைச் சொல்வார். இரண்டும் ஒன்றில்லை. கிரேட் என்பது அணுக்களைக் கண்ணாடிக்குக் கீழே வைத்துப் பார்க்கும்போது அவை எவ்வளவு மாறியிருக்கின்றன, எவ்வளவு வேகமாகப் பெருகும் போலிருக்கின்றன என்பது. அது 1 முதல் 3 வரை. ஸ்டேஜ் என்பது கட்டி எவ்வளவு பெரிது, கக்கத்து நெறிக்கு (நிணநீர்க் கணுவுக்கு) வந்திருக்கிறதா, உடம்பின் வேறு இடத்துக்குப் போயிருக்கிறதா என்பது. அது 4 வரை போகும். "கிரேட் 3" என்று எழுதியிருந்ததைப் பார்த்துவிட்டு, மூன்றாம் கட்டத்துக்குப் போய்விட்டது, இனி எதற்கு வைத்தியம் என்று அழுத குடும்பம் ஒன்று எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அந்தப் பெண்ணின் நோய் உண்மையில் ஆரம்ப நிலையில் இருந்தது.

ஈ.ஆர்., பீ.ஆர்., ஹெர்-2 என்று மூன்று பெயர்களும் ரிப்போட்டில் இருக்கும். முடிவு வரக் கொஞ்ச நாள் எடுக்கும், அதுவரை பொறுமை வேண்டும். முதல் இரண்டில் ஏதாவது ஒன்று பொசிட்டிவ் என்றாலும், உடம்பில் ஊறும் பெண் ஹோர்மோன்தான் அந்தக் கட்டிக்குத் தீனி. அதைத் தடுக்கும் டெமொக்ஸிஃபென் போன்ற குளிசை உதவும். ஹெர்-2 பொசிட்டிவ் என்றால் அதற்கென்றே ட்ராஸ்டுசுமாப் என்ற ஊசி இருக்கிறது. மூன்றும் நெகட்டிவ் என்றால் கீமோதான் முக்கிய மருந்து. பக்கத்து டிவிஷனில் இன்னொரு பெண்ணுக்குக் கொடுத்த மருந்தை இவளுக்கு ஏன் கொடுக்கவில்லை என்று யாராவது கேட்டால் காரணம் இதுதான். ஒரே பெயர் சொல்லும் நோய் என்றாலும் ஆளுக்கு ஆள் வேறு.

யாரிடம் சொல்வது என்பது உங்கள் கேள்வியில் இல்லை, ஆனால் வரிக்கு வரி அதுதான் தெரிகிறது. அவள் உங்களிடம் மட்டும் சொல்லியிருக்கிறாள். உங்கள் அம்மாவிடம்கூட நீங்கள் சொல்லக்கூடாது. லயத்தில் ஒரு காம்பராவில் சொன்னது அடுத்த காம்பராவுக்குப் போகக் கதவு திறக்கத் தேவையில்லை என்பது உங்களுக்கே தெரியும். ஆனால் கணவருக்குத் தெரியாமல் ஒபரேஷனுக்குப் போக அவளை விடாதீர்கள். அதைத் தொலைபேசியில் சொல்லாமல், அவர் சம்பளத்துக்கு வீட்டுக்கு வரும்போது சொல்லட்டும். அவள் விரும்பினால் நீங்களும் பக்கத்தில் இருங்கள். ஆம்பிளைகள் சில பேர் முதல் நாள் கோபப்படுவார்கள், சில பேர் எழுந்து வெளியே போய்விடுவார்கள். நான் பார்த்தவரை அதில் பெரும்பாலானது பயம். இரண்டு நாள் விட்டுவிட்டு ஒரு வேலையைக் கையில் கொடுங்கள்: இன்ன திகதி லீவு போட வேண்டும், இன்ன நாள் இரத்தம் கொடுக்க ஆள் வேண்டும். வேலை கிடைத்தால் மனுஷன் நிலைக்கு வருவார்.

பிள்ளைகளுக்கும் சொல்ல வேண்டும், வயதுக்கு ஏற்ற மாதிரி. அம்மாவுக்கு என்னவோ நடக்கிறது என்று அவர்களுக்கு எப்படியும் தெரியும். சொல்லாவிட்டால், தாங்கள் செய்த குழப்படியால்தான் அம்மாவுக்கு வருத்தம் வந்தது என்றுகூட நினைத்துக்கொள்வார்கள். நீங்கள் சின்னப் பிள்ளைகளோடு இருப்பவர், இதை என்னைவிட நன்றாகச் செய்வீர்கள்.

இந்த நோய் தொற்றாது. ஒரு கோப்பையில் குடித்தாலும், ஒரு பாயில் படுத்தாலும், பிள்ளையைக் கட்டிப்பிடித்தாலும் தொற்றாது. வெளியிலிருந்து கதிர் வைக்கும் சிகிச்சை முடிந்து வருகிறவரின் உடம்பில் கதிர் தங்குவதும் இல்லை. ஒரு விஷயத்தில் மட்டும் கவனம் வேண்டும், அதுவும் நோயால் இல்லை, மருந்தால். கீமோ ஏற்றி இரண்டு நாளைக்குச் சிறுநீரிலும் வாந்தியிலும் அந்த மருந்து கொஞ்சம் வெளியே வரும். பொதுக் கக்கூஸ் என்றால் தண்ணீரை இரண்டு தரம் நன்றாக ஊற்றச் சொல்லுங்கள். வாந்தியைத் துடைப்பவர் கையுறையோ ஷொப்பிங் பேக்கோ கையில் மாட்டிக்கொண்டு துடைக்கட்டும், பிறகு சவர்க்காரம் போட்டுக் கை கழுவட்டும். இதை லயத்துக்காரர்கள் முன்னால் பெரிதாகச் சொல்லத் தேவையில்லை. யாராவது அவளுக்குத் தனிக் கோப்பை எடுத்து வைத்தால், அவர்கள் பார்க்க நீங்கள் அவளுடைய கோப்பையிலேயே தேத்தண்ணி குடியுங்கள். நான் அப்படித்தான் செய்தேன்.

ஒபரேஷனைப் பற்றி. முழு மார்பையும் எடுப்பதா, கட்டியையும் சுற்றியுள்ள கொஞ்சச் சதையையும் மட்டும் எடுப்பதா என்பது கட்டியின் அளவையும் இடத்தையும் பொறுத்தது. கட்டியை மட்டும் எடுத்தால் வழக்கமாகக் கதிர் சிகிச்சையும் வேண்டும். கதிர் என்பது வார நாட்களில் தினமும், மூன்று அல்லது ஐந்து கிழமை. பொகவந்தலாவையிலிருந்து தினமும் கண்டிக்குப் போய்வர முடியாது. தங்க எங்கே இடம் இருக்கிறது, வார்டில் நிற்க விடுவார்களா என்பதை ஒபரேஷனுக்கு முன்பே கேட்டுக் கொப்பியில் எழுதுங்கள். மகரகம அபேக்ஷா புற்றுநோய் வைத்தியசாலைக்கு அனுப்பினாலும் இதே கேள்விதான் முதலில். வீட்டுக்கு வரும்போது கக்கத்திலிருந்து ஒரு குழாயும் போத்தலும் தொங்கும், நிணநீர் வடிய. அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். துணிப்பை ஒன்று தைத்துக் கொடுத்தால் போத்தலைத் தோளில் மாட்டிக்கொண்டு நடப்பாள். ஒவ்வொரு நாளும் எவ்வளவு வடிந்தது என்று கொப்பியில் எழுதுங்கள்.

கையைப் பற்றிக் கொஞ்சம் நீட்டியே எழுத வேண்டும், ஏனென்றால் அவளுக்குக் கைதான் சம்பளம். கக்கத்து நெறிகளை எடுத்தால், அந்தக் கையின் நிணநீர் வடிகிற வழி குறைந்துவிடும். சிலருக்குக் கை வீங்கும். உடனேயும் வரலாம், சில வருடம் கழித்தும் வரலாம். ஒபரேஷன் முடிந்த கையோடு ஆஸ்பத்திரியில் கைப்பயிற்சி சொல்லிக்கொடுப்பார்கள். சுவரில் விரலால் ஏறுகிற மாதிரி மெதுவாகக் கையை உயர்த்துவது, தோளைச் சுழற்றுவது போன்றவை. வலிக்கிறது என்று கையைத் தொங்கவிட்டால் தோள் இறுகிவிடும். நீங்கள் போகும்போது கூடவே சேர்ந்து செய்யுங்கள், அப்படியென்றால் செய்வாள். அந்தக் கையில் ஊசி, இரத்தம் எடுப்பது, பிரஷர் பார்ப்பது வேண்டாம் என்று ஒவ்வொரு தடவையும் அவளாகவே சொல்லிப் பழக வேண்டும்.

மலைக்குத் திரும்பும் காலம் வரும்போது டாக்டரிடம் கேட்காமல் கூடையைத் தலையில் மாட்டவிடாதீர்கள். வேலை செய்வதால் கை கெட்டுவிடாது, கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்கினால் பலம்தான் வரும். ஆனால் முதல் நாளே முழுப் பேருக்கு ஓடினால் கை வீங்கலாம். இலகுவான வேலை தரச் சொல்லி டாக்டரின் துண்டை வாங்கிக்கொண்டு தோட்டத்து நலன்புரி உத்தியோகத்தரையும் துரையையும் பார்க்கலாம். அப்புறம் அந்தக் கையில் படுகிற சிறு காயம். தேயிலை வாதின் கீறல், அட்டைக்கடி, கவ்வாத்துக் குச்சி குத்துவது எல்லாம் நமக்கு ஒரு விஷயமே இல்லை. அவளுக்கு அது கிருமி நுழைகிற வாசல். நீளக் கைச் சட்டை, கையுறை, காயம் பட்டால் உடனே சவர்க்காரம் போட்டுக் கழுவுவது. கை சிவந்து, சூடாகி, காய்ச்சலும் வந்தால் அன்றே மருந்தெடுக்க வேண்டும்.

கீமோ காலத்தில் மற்றதெல்லாம் மறந்தாலும் காய்ச்சலை மறக்காதீர்கள். மருந்து ஏற்றி ஏழாம் நாளிலிருந்து பதினான்காம் நாள் வரை வெள்ளை அணுக்கள் நன்றாகக் குறைந்திருக்கும். அப்போது 38 பாகை செல்சியஸ், பழைய கணக்கில் 100.4 பாகை காய்ச்சல் வந்தால், இரவு இரண்டு மணி என்றாலும் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். பெனடோல் போட்டுவிட்டு விடியட்டும் என்று இருக்கக்கூடாது. காய்ச்சல் இறங்கின மாதிரி இருக்கும், உள்ளே கிருமி இரத்தத்தில் ஏறிவிடும். விடியும்வரை காத்திருந்து உயிர் போனவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஒரு வெப்பமானி வாங்கிக் கொடுங்கள், நெஸ்டமோல்ட்டை விட அது பெரிய உதவி. 1990க்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும். லயத்தடிக்கு வண்டி வராது என்றால் எந்த முச்சக்கரவண்டிக்காரர் இரவில் வருவார் என்று இப்போதே பேசி, இலக்கத்தைக் கொப்பியில் எழுதுங்கள். போன இடத்தில் முதல் வசனமே "கீமோ எடுக்கிறவ, காய்ச்சல்" என்பதாக இருக்கட்டும், அப்போதுதான் வரிசையில் உட்கார வைக்கமாட்டார்கள்.

பீலித் தண்ணீரைக் கொதிக்க வைத்துத்தான் குடிக்க வேண்டும். அந்த இரண்டாவது கிழமையில் திருவிழாக் கூட்டம், கலியாண வீடு, தடிமன் பிடித்த பிள்ளைகள் எல்லாம் கொஞ்சம் தூரம். சிவப்பு நிற மருந்து ஏற்றினால் ஒரு நாள், இரண்டு நாளைக்குச் சிறுநீர் சிவப்பாகப் போகும், அது இரத்தம் இல்லை. வாந்திக் குளிசையை வாந்தி வருவதற்கு முன்பே, சொன்ன நேரத்துக்குப் போட வேண்டும். கினிகத்தேனை வளைவுகளில் நல்ல உடம்புக்காரருக்கே குமட்டும் என்பதால் திரும்பும்போது முன் இருக்கையில் ஜன்னலோரம் இடம் பிடியுங்கள். சாப்பாட்டில் பெரிய இரகசியம் ஒன்றும் இல்லை. முட்டை, பருப்பு, நெத்தலி, கௌபி, நன்றாகக் கழுவி அவித்த கீரை. வாய் புண்ணானால் காரம் இல்லாத கஞ்சி.

முடி முதல் ஊசிக்குப் பிறகு இரண்டு மூன்று கிழமையில் கொட்டத் தொடங்கும். தலையணையில் கொத்துக் கொத்தாகக் கிடப்பதைக் காலையில் பார்ப்பது, மார்பு போனதைவிடச் சிலருக்குக் கொடுமை. என் கூட்டாளிக்கு முழங்கால் வரை கூந்தல். கொட்டத் தொடங்கினதும் எனக்குச் சொல்லியனுப்பி, வெட்டச் சொன்னாள். இஸ்தோப்பில் உட்கார வைத்துப் பின்னலாகவே வெட்டி ஒரு துணியில் சுற்றிக் கொடுத்தேன். இன்னும் பெட்டகத்தில் வைத்திருக்கிறாள். மருந்து முடிந்து சில மாதத்தில் முடி திரும்ப வளர்ந்தது, சுருட்டையாக. உங்கள் கூட்டாளி விரும்பினால் மட்டும் இதைச் செய்யுங்கள். நுவரெலியாப் பக்கத்துக் குளிருக்கு மொட்டைத் தலை தாங்காது, இரவில் போடவும் மெல்லிய கம்பளித் தொப்பி ஒன்று வேண்டும்.

மார்பு எடுத்த இடத்தை அவளே பார்க்கப் பல நாள் ஆகலாம். கணவனுக்குக் காட்ட அதைவிட நாள் ஆகும். "காட்டு பார்ப்போம்" என்று கேட்காதீர்கள். அவளாகக் காட்டினால் முகத்தைத் திருப்பாதீர்கள். ஜாக்கெட்டுக்குள் வைக்கப் பஞ்சு அடைத்த துணி உருண்டை ஒன்று நீங்களே தைக்கலாம். காயம் முழுதாக ஆறும்வரை பாரமில்லாமல் மெதுவாக இருக்க வேண்டும்.

காசு விஷயம். அரசாங்க ஆஸ்பத்திரியில் வைத்தியத்துக்குக் காசு இல்லை, ஆனால் பஸ், சாப்பாடு, வெளியே எடுக்கச் சொல்லும் ஸ்கேன், சில நேரம் வெளியே வாங்கச் சொல்லும் மருந்து எல்லாம் சேர்ந்து ஆளை அமுக்கும். ஜனாதிபதி நிதியத்தின் வைத்திய உதவிக்கு இப்போது பிரதேச செயலகத்திலேயே விண்ணப்பிக்கலாம். அங்கேயே சமூக சேவை உத்தியோகத்தரையும் பாருங்கள். ஊழியர் சேமலாப நிதியில் பத்து வருடமும் மூன்று இலட்சமும் நிறைந்திருந்தால், வைத்தியத்துக்காக 30 சதவீதம் வரை முன்கூட்டியே எடுக்கவும் வழி இருக்கிறது. இந்தப் படிவங்களோடு அலைவது நோயாளியால் முடியாத வேலை, படித்த கூட்டாளியால் முடியும். கையில் காசு கொடுப்பதென்றால் "கடன்" என்று சொல்லாதீர்கள். பிள்ளைகளின் டியூஷன் காசை நேரே கொண்டுபோய்க் கட்டிவிடுங்கள்.

கட்டு அனோதா இலை, பப்பாசி இலைச் சாறு, யாரோ ஒரு வைத்தியரின் தூள் எல்லாம் கட்டாயம் வாசலுக்கு வரும். கொண்டுவருபவர்களுக்குக் கெட்ட எண்ணம் இல்லை. ஆனால் கீமோவோடு சேர்த்துக் குடித்தால் ஈரலுக்குக் கேடு வரலாம், மருந்தின் வேலையும் மாறலாம். வாங்கி வைத்துவிட்டு டாக்டரிடம் காட்டச் சொல்லுங்கள். மாரியம்மனுக்கு நேர்த்தி வைத்தால் வைக்கட்டும், எனக்கும் அம்மன் மேல் நம்பிக்கை உண்டு. விரதமும் தீமிதிப்பும் கீமோ எல்லாம் முடிந்த பிறகு. செய்வினை என்று யாராவது தொடங்கினால் அங்கேயே நிறுத்துங்கள். இலங்கையில் பெண்களுக்கு மிக அதிகமாக வருகிற புற்றுநோய் இதுதான், யாரும் யாருக்கும் வைத்து வருவதில்லை.

என்ன பேசுவது என்று கேட்டீர்கள். எப்போதும் பேசுவதையே பேசுங்கள். யார் வீட்டில் பெண் பார்க்க வந்தார்கள், உங்கள் முன்பள்ளியில் எந்தப் பிள்ளை என்ன சொன்னது, பிரட்டுக்களத்தில் யார் சண்டை. நோய் வந்த நாளிலிருந்து எல்லோரும் அவளிடம் நோயை மட்டுமே பேசுகிறார்கள். ஆறாம் வகுப்பில் இரண்டு பேரும் செய்த குழப்படி தெரிந்த ஆள் நீங்கள் ஒருத்திதான். சில நாள் அவள் எரிந்து விழுவாள், வராதே என்பாள். சரி என்று எழுந்து வாருங்கள், நாளை மறுநாள் திரும்பப் போங்கள்.

ஒருவேளை நோய் எலும்புக்கோ ஈரலுக்கோ போயிருக்கிறது என்று பிறகு தெரிந்தாலும், அவளுக்குச் செய்ய ஒன்றுமில்லை என்று அர்த்தமில்லை. முழுதாகக் குணமாகாவிட்டாலும் வருடக்கணக்கில் அடக்கி வைக்க மருந்துகள் இருக்கின்றன. வலிக்கு மோர்ஃபின் இருக்கிறது, அதை டாக்டர் கொடுத்தால் பயப்படாமல் கொடுங்கள். வலியைப் பொறுத்துக்கொள்ளச் சொல்வது பாவம்.

எல்லாம் முடிந்து ஊர் அவளைச் சுகமானவள் என்று எண்ணும் நாளில் குளிசை தொடங்கும். டெமொக்ஸிஃபென் என்றால் தினமும் ஒன்று, குறைந்தது ஐந்து வருடம், சிலருக்குப் பத்து. உடம்பெல்லாம் திடீரென்று சூடாகி வியர்க்கும், மாதவிடாய் குழம்பும். "இப்ப நல்லாத்தானே இருக்கேன்" என்று நிறுத்தத் தோன்றும். அந்த ஐந்து வருடமும் உங்கள் கொப்பி மூடக்கூடாது. வழக்கமில்லாத இரத்தப்போக்கு இருந்தால் உடனே சொல்ல வேண்டும். மற்ற மார்பையும் வருடா வருடம் பார்க்க வேண்டும்.

உங்களுக்கும் 41 வயது. சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் நடக்கும் சுகவனிதையர் கிளினிக்குக்குப் போயிருக்கிறீர்களா? மார்பையும் பார்ப்பார்கள், கருப்பைக் கழுத்தையும் சோதிப்பார்கள், காசில்லை. மாதவிடாய் முடிந்த கிழமையில் மாதம் ஒரு தரம் நீங்களே தடவிப் பாருங்கள். வலிக்காத கட்டியையும் காட்ட வேண்டும். கட்டி மட்டுமில்லை, தோல் தோடம்பழத் தோல் போல ஆவது, காம்பு உள்ளே இழுப்பது, காம்பிலிருந்து இரத்தம் வடிவது எல்லாம் காட்ட வேண்டியவை. உங்கள் கூட்டாளிக்கு அக்கா தங்கை இருந்தால் அவர்களுக்கும் இதைச் சொல்லுங்கள், அவள் வீட்டில் சொன்ன பிறகு.

ஒபரேஷன் திகதி கிடைத்ததும் எனக்கு எழுதுங்கள். ரிப்போட் வந்தால் அதில் இருக்கிற மூன்று பெயருக்கும் எதிரே என்ன போட்டிருக்கிறது என்று அப்படியே எழுதி அனுப்புங்கள். டாக்டரிடம் என்னென்ன கேட்க வேண்டும் என்று சேர்ந்து யோசிப்போம். இப்போதைக்கு இந்தச் சனிக்கிழமை கொப்பியை எடுத்துக்கொண்டு அவளிடம் போங்கள். முதல் பக்கத்தில் அவளுடைய பெயரை அவளையே எழுதச் சொல்லுங்கள்.